அடங்கியவனும் திருந்தியவனும்

குற்றம் புரிந்தவனைத் தண்டிப்பது அரசுக்கு எளிது, திருத்துவது அரிது. தண்டனைக்குச் சுவரும் பூட்டும் காவலரும் போதும். திருத்தத்திற்கு என்ன வேண்டும் என்பதில் சட்ட வல்லுநரும் சமய அறிஞரும் மருத்துவரும் இன்றளவும் ஒருமித்த முடிவுக்கு வந்தார்களில்லை. கடுஞ்சிறை வேண்டும் என்பர் சிலர். கல்வி வேண்டும் என்பர் சிலர். மருத்துவமனையே வேண்டும் என்று சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு சாரார் உரத்துப் பேசலாயினர். கொலையும் கொடுமையும் ஒருவகை நோயென்றால் அதற்கு மருந்தும் இருந்தாக வேண்டும். அம்மருந்தை ஊசியின் வழியாகவோ மின்சாரத்தின் வழியாகவோ அறுவைக் கத்தியின் வழியாகவோ செலுத்திக் கொடியவனைச் சாதுவாக்கிவிடலாம் என்பது அவர்கள் கொண்ட நம்பிக்கை.

இந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு உரைத்துப் பார்த்த திரைப்படங்கள் பல உண்டு. அவற்றுள் தலையாயது ஸ்டான்லி குப்ரிக் இங்கிலாந்தில் எடுத்து 1971-இல் வெளியிட்ட 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்'. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1957-இல், பம்பாயில் வி. சாந்தாராம் 'தோ ஆங்கேன் பாரா ஹாத்' என்ற படத்தை எடுத்திருந்தார். 'இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள்' என்பது அத்தலைப்பின் பொருள். இரண்டும் கொடுங்குற்றவாளிகளைத் திருத்தும் சோதனையைப் பற்றியவை. ஒன்றில் சோதனைக்கூடம் மருத்துவமனை. மற்றொன்றில் அது தரிசு நிலம். ஒன்றின் கருவி ஊசி. மற்றொன்றின் கருவி ஏர். இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், திருத்தம் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறான இரு பொருள்கள் ஒளிந்திருப்பது விளங்கும்.

முதலில் குப்ரிக்கின் படம். ஆந்தனி பர்ஜஸ் 1962-இல் எழுதிய நாவலே அதற்கு மூலம். கதைத்தலைவன் அலெக்ஸ் என்னும் இளைஞன். இரவுதோறும் மூன்று தோழர்களுடன் வெளியே கிளம்பி, வழியில் அகப்பட்ட முதியவரை அடிப்பதும், வீடு புகுந்து கொள்ளையிடுவதும், பெண்களின் மானத்தைக் குலைப்பதும் அவனுக்குப் பொழுதுபோக்கு. வறுமை அவனைத் தூண்டவில்லை. பழிவாங்கும் காரணமும் இல்லை. செய்வதில் அவனுக்கு இன்பம் இருக்கிறது, அவ்வளவே. இத்தகையவன் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனியை உயிராக நேசிப்பவன் என்பது நாவலாசிரியர் வேண்டுமென்றே வைத்த முரண். உயர்ந்த இசையைச் சுவைக்கத் தெரிந்த உள்ளம் உயர்ந்த உள்ளமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நமது எளிய எண்ணத்தை அது தகர்க்கிறது.

ஒரு கொலையில் அகப்பட்டு அலெக்ஸ் பதினான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெறுகிறான். இரண்டு ஆண்டு கழிந்த நிலையில் அரசாங்கம் புதியதொரு சிகிச்சையை அறிவிக்கிறது. 'லுடோவிகோ முறை' என்பது அதன் பெயர். அதற்கு உட்பட்டால் இரண்டே வாரத்தில் விடுதலை. அலெக்ஸ் தானே முன்வந்து கையெழுத்திடுகிறான். அவனை நாற்காலியில் கட்டி, இமைகள் மூடாதபடி உலோகக் கவ்விகளால் விரித்துப் பிடித்து, கண்ணில் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே, அடிதடியும் வன்புணர்ச்சியும் நிறைந்த படங்களைத் திரையிட்டுக் காட்டுகிறார்கள். முன்னரே செலுத்தப்பட்ட மருந்தினால் அவ்வேளையில் அவனுக்குச் சாவின் விளிம்பைத் தொடும் குமட்டலும் வேதனையும் உண்டாகின்றன. நாள்தோறும் இவ்வாறு பழக்கியதும், மருந்தில்லாமலே வன்முறை எண்ணம் தோன்றிய கணத்தில் உடல் சுருண்டு விழுகிறது. கொடுமைக்காரன் சாதுவாகிவிட்டான்!

இதன் அடிப்படை புதியதன்று. உணவு வருமுன் ஓர் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய், பின்னர் உணவின்றியே அவ்வொலிக்கு உமிழ்நீர் சுரப்பதை ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் காட்டினார். குடிப்பழக்கத்தை ஒழிக்க மதுவோடு வாந்தி மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1930-களிலேயே மேனாட்டு மருத்துவமனைகளில் இருந்தது. சுதந்திரம், மாண்பு என்னும் பழைய கருத்துகளைக் கடந்து மனித நடத்தையைச் சூழலால் வடிவமைக்க வேண்டும் என்று வாதிட்ட உளவியலார் ஸ்கின்னரின் நூல் வெளிவந்ததும் இப்படம் வெளிவந்த அதே 1971-ஆம் ஆண்டில்தான்.

இவையெல்லாம் கலைஞனின் மிகைக் கற்பனை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. 1960-களின் இறுதியில் கலிஃபோர்னியா மாநிலத்தின் வாக்கவில் சிறை மருத்துவமனையில், உடலின் தசைகளை முடக்கும் சக்சினில்கோலின் என்ற மருந்து கைதிகளுக்குச் செலுத்தப்பட்டது. அம்மருந்து செலுத்தப்பட்டவன் முழு நினைவோடு இருப்பான். மூச்சு மட்டும் நின்றுபோகும். தான் இறந்துகொண்டிருப்பதாக அவன் உணரும் அந்தக் கணங்களில், மருத்துவர் அவன் காதருகே அவன் குற்றங்களைச் சொல்லி எச்சரிப்பார். இதுவே சிகிச்சை! அயோவா மாநிலத்தில் கைதிகள் தங்கிய காவல் மருத்துவமனை ஒன்றில், விதியை மீறியவர்களுக்கு அபோமார்ஃபின் ஊசி போடப்பட்டது. ஊசி போட்டால் கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஓயாத வாந்தி. அவர்கள் மீறிய விதிகள் யாவை? நேரத்தில் எழாமை, பேசக்கூடாத வேளையில் பேசியது, தகாத சொல் சொன்னது, பொய் சொன்னது, பிறருக்குச் சிகரெட் கொடுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. கைதி எழுத்து மூலம் மனமார இசைந்தாலன்றி, இசைந்த பின்னும் வேண்டாமென்று விலகும் உரிமை இருந்தாலன்றி, இது மருத்துவம் ஆகாது, கொடிய தண்டனையே ஆகும் என்று 1973-இல் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு மிஷிகன் மாநில நீதிமன்றம் ஒன்று, மூளை அறுவைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த ஒரு காவல் நோயாளியின் வழக்கில், நெடுங்காலம் அடைபட்டுக் கிடப்பவன் கொடுக்கும் சம்மதம் சுதந்திரமான சம்மதமாகாது என்று முடிவு கட்டியது.

மூளையைத் தொட்டுக் குணத்தை மாற்றும் ஆசையும் அக்காலத்ததே. ஸ்பெயின் நாட்டுக் கார்டோபாவில் 1963-இல் ஹோசே டெல்காடோ என்னும் விஞ்ஞானி, மூளையில் மின்முனை பொருத்திய ஒரு காளையைத் தன்மீது பாயவிட்டு, கையிலிருந்த பொத்தானை அழுத்தி நடுவழியில் நிறுத்திக் காட்டினார். இந்த ஆசையை 1974-இல் வந்த 'தி டெர்மினல் மேன்' என்ற படம் எடுத்துக்கொண்டது. வெறி மூளும் போதெல்லாம் அதை அணைப்பதற்காக ஒருவன் மூளையில் மின்முனைகள் பதிக்கப்படுகின்றன. அணைப்பதற்கென்று வந்த மின் தூண்டல் இன்பமாக இருக்கவே, அந்த மூளை அதைப் பெறுவதற்காகவே வெறியை மேலும் மேலும் வரவழைக்கிறது, முடிவு கொலை. 1975-இல் மிலோஷ் ஃபோர்மன் இயக்கிய 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' படத்தில், சிறையிலிருந்து மனநோய் விடுதிக்கு வந்த அடங்காத மனிதன் ஒருவன் மூளை அறுவையால் பேச்சும் பார்வையும் அற்ற வெறும் உடலாக்கப்படுகிறான். மூளை அறுவை முறையைத் தோற்றுவித்த போர்த்துகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதைவரிசை இன்னும் முற்றுப்பெறவில்லை. 2022-இல் வெளிவந்த 'ஸ்பைடர்ஹெட்' படத்தில் கைதிகளின் உடலில் பொருத்திய கருவியைக் கைபேசியால் இயக்கி, அன்பையும் அச்சத்தையும் பணிவையும் வேண்டியபோது ஊட்டுகிறார்கள்.

மீண்டும் அலெக்ஸிடம் வருவோம். படத்தின் உயிர்நிலை, அவன் 'குணமான' பின் மேடையில் நடக்கும் காட்சி. அமைச்சரும் அதிகாரிகளும் பார்வையாளர்களாக அமர்ந்திருக்கிறார்கள். ஒருவன் வந்து அலெக்ஸை வைது, அறைந்து, தன் காலணியை நக்கச் சொல்கிறான். எதிர்த்தடிக்க நினைத்த மாத்திரத்தில் குமட்டல் வரவே, அலெக்ஸ் அவ்வாறே செய்கிறான். அவை கைதட்டுகிறது. அப்போது சிறைச்சாலைப் பாதிரியார் எழுந்து, இவனிடம் தேர்ந்தெடுக்கும் ஆற்றலே இல்லை. உடல் வேதனைக்கு அஞ்சி இழிவை ஏற்கிறானே அன்றித் தீமையை வெறுக்கவில்லை. தீங்கு செய்வதை நிறுத்திவிட்டானேயொழிய நன்மை செய்பவனாக ஆகவில்லை என்று ஆட்சேபிக்கிறார். அமைச்சரின் மறுமொழியோ சுருக்கமானது. நோக்கங்களைப் பற்றியும் உயர்ந்த அறநெறிகளைப் பற்றியும் அரசுக்குக் கவலையில்லை. குற்றம் குறைய வேண்டும், சிறையில் நெரிசல் குறைய வேண்டும், முறை பலன் தருகிறது, அது போதும் என்கிறார். சிறையில் இடம் காலியாக வேண்டும் என்பதன் காரணத்தை அவரே வேறோரிடத்தில் வெளியிடுகிறார்: அரசியல் கைதிகளுக்கு இடம் தேவைப்படப் போகிறதாம்!

பாதிரியாருக்கும் அமைச்சருக்கும் நடந்த இந்த வாதத்தின் ஆழம் 'நிய்யத்' என்ற சொல்லை அன்றாட வழக்கில் வைத்திருக்கும் நம் இல்லங்களுக்கு எளிதில் விளங்கும். ரமலான் மாதத்துப் பகலில் நோன்பாளியின் வயிறும் காலி. அடுப்பில் பூனை உறங்கும் வறியவனின் வயிறும் காலி. மருத்துவன் சோதித்தால் இரண்டும் ஒன்றுதான். ஆயினும் ஒருவன் நோற்கிறான், மற்றவன் பட்டினி கிடக்கிறான். உண்ணக் கூடியவன் உண்ணாமலிருப்பதில்தான் நோன்பு இருக்கிறது. அடிக்கக் கூடியவன் அடிக்காமலிருப்பதில்தான் பொறுமை இருக்கிறது. அலெக்ஸின் கைகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. அவனுடைய சாந்தம், பூட்டை அவன் வயிற்றுக்குள்ளேயே கொண்டுபோய் மாட்டியதால் விளைந்த சாந்தம். சிறைச் சுவரை இடித்து, அதன் செங்கற்களைக் கொண்டே அவனுக்குள் புதியதொரு சிறையைக் கட்டிவிட்டு, அதற்கு விடுதலை என்று பெயரிட்டார்கள்.

அவன் நேசித்த பேத்தோவனின் இசையும் இச்சிகிச்சையில் பலியாகிறது. திரையிட்ட படங்களுள் ஒன்றுக்குப் பின்னணியாக அந்த ஒன்பதாம் சிம்ஃபொனி ஒலித்ததால், பின்னர் அதைக் கேட்டாலும் அவனுக்குச் சாவு வேதனை. தீமையை மட்டும் தனியே பிடுங்கி எறியும் கருவி இன்னும் செய்யப்படவில்லை. களையோடு பயிரும் வந்துவிடுகிறது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியாது.

விடுதலையான அலெக்ஸுக்குப் பெற்றோர் வீட்டில் இடமில்லை; அவன் அறையில் வேறொருவர் குடியிருக்கிறார். அவன் அடித்த முதியவர் கூட்டம் சேர்த்து அவனை அடிக்கிறார். அவனுடைய பழைய தோழர்களோ இப்போது காவல்துறை உடுப்பில் இருக்கிறார்கள். சட்டத்தின் பெயரால் அவனைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். கடைசியில், முன்னொரு நாள் அவனால் நாசமான குடும்பத்தின் தலைவரான எழுத்தாளர் அவனை அறையில் பூட்டி, அந்த இசையை ஒலிக்கச் செய்ய, அவன் சன்னல் வழியே குதிக்கிறான். உயிர் பிழைத்த பின் அரசாங்கத்துக்கு அவப்பெயர் வந்துவிடக் கூடாதென்று சிகிச்சையையே மாற்றிவிடுகிறார்கள். அமைச்சர் தம் கையாலேயே அவனுக்கு உணவூட்ட, நிழற்படக்காரர்கள் சூழ்ந்து நிற்க, அலெக்ஸ் பழைய அலெக்ஸாகவே மீள்கிறான். அரசு அவனைச் சாதுவாக்கியதும் தன் நலனுக்காக. மீண்டும் மிருகமாக்கியதும் தன் நலனுக்காக.

இவ்வளவு கூர்மையான சிந்தனையைத் தாங்கிய படம் குறையற்றதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். கொடுமைகளை எல்லாம் அலெக்ஸே நமக்குக் கதையாகச் சொல்கிறான். ரஷ்யச் சொற்களைக் கலந்து நாவலாசிரியர் உண்டாக்கிய விநோத மொழியில், குறும்பும் கவர்ச்சியும் தோன்றச் சொல்கிறான். குப்ரிக் அவற்றை நடனம்போல் அமைத்துவிட்டார். ஒரு பெண்ணின் வாழ்வு அழியும் வேளையில் அவன் பழைய ஹாலிவுட் பாட்டொன்றைக் குதூகலமாகப் பாடுகிறான். அடிபட்டவர்களோ முகம் கோணியவர்களாகவும் கேலிக்குரியவர்களாகவும் வருகிறார்கள். ஆகவே பார்ப்பவரின் பரிவு அடித்தவனிடமே தங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் இப்படத்தின் பெயரைச் சொல்லிக் குற்றங்கள் நடந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. இயக்குநரின் குடும்பத்துக்கு மிரட்டல்களும் வந்தன. 1973-இல் குப்ரிக்கின் விருப்பப்படியே அந்நாட்டில் படம் திரும்பப் பெறப்பட்டது. 1999-இல் அவர் மறைந்த பின்னரே, 2000-இல், மீண்டும் அங்கே திரையிடப்பட்டது. குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்க படம் இதுவன்று. அறம் பேச வந்த படமே அருவருப்பில் ஒரு சுவையைக் கண்டுவிட்டது என்ற குற்றச்சாட்டை இதன் ரசிகர்களாலும் முழுவதும் மறுக்க இயலாது.

இன்னொரு குறை, இயக்குநர் விட்டுவிட்டதிலிருந்து வந்தது. நாவலில் இருபத்தோர் அத்தியாயங்கள். கடைசி அத்தியாயத்தில் அலெக்ஸ் வளர்ந்துவிடுகிறான். கொடுமை அவனுக்கே சலித்துப்போகிறது. மனைவியும் மகனும் உள்ள ஒரு வாழ்வைப் பற்றி எண்ணத் தொடங்குகிறான். ஊசியால் வராத மாற்றம் வயதாலும் சலிப்பாலும் ஆசையாலும் மெல்ல வருகிறது. அமெரிக்கப் பதிப்பகத்தார் இந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டே நூலை வெளியிட்டனர்; குப்ரிக் அந்த அமெரிக்கப் பதிப்பைப் பின்பற்றினார். அதனால் படத்தில் மனிதனுக்கு இரண்டே நிலைகள்: சாவி கொடுத்த பொம்மை, அல்லது கட்டவிழ்ந்த விலங்கு. வற்புறுத்தலால் திருந்த மாட்டான் என்பதைச் சொன்ன படம், திருந்தவே மாட்டான் என்ற இடத்தில் போய் நின்றுவிட்டது. முன்னதை ஏற்கலாம், பின்னதை ஏற்பதற்கில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் சாந்தாராமின் படம் வந்து நிற்கிறது. அதற்கு அடியிலும் உண்மையான சோதனை ஒன்று உண்டு. மராட்டிய நாட்டின் ஔந்த் என்ற சிறு சமஸ்தானத்தில், போலந்திலிருந்து வந்து இந்தியாவையே தாயகமாகக் கொண்ட பொறியாளர் மௌரிஸ் ஃப்ரிட்மனின் முயற்சியாலும் மன்னரின் ஆதரவாலும், 1939-இல் சுவதந்திரபூர் என்ற திறந்தவெளிக் குடியிருப்பு உருவாயிற்று. கொடுங்குற்றவாளிகள் கம்பியும் விலங்கும் இன்றி அங்கே உழுது பயிரிட்டு வாழ்ந்தார்கள். அந்த வட்டாரத்திலேயே பிறந்த எழுத்தாளர் ஜி. டி. மாட்கூள்கர் இதைக் கதையாக்கினார்.

படத்தில் ஆதிநாத் என்ற இளம் சிறை அதிகாரியாகச் சாந்தாராமே நடித்தார். கொலைக் குற்றவாளிகள் அறுவரைத் தம் பொறுப்பில் வெளியே கொண்டுவந்து, கல்லும் முள்ளும் மண்டிய பாழ்நிலத்தில் குடியேற்றுகிறார். விலங்கு இல்லை, துப்பாக்கி இல்லை. நிலத்தைத் திருத்தும் வேலையில் அவரும் அவர்களோடு வியர்வை சிந்துகிறார். அவர்கள் முரண்டு பிடிக்கிறார்கள், தவறுகிறார்கள், மீண்டும் திரும்புகிறார்கள். பயிர் விளைகிறது. நியாய விலைக்குக் காய்கறி விற்கச் சந்தைக்குப் போனால், அங்கே ஆதிக்கம் செலுத்தும் வியாபாரி அடியாட்களை ஏவுகிறான். கையோங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்ட அந்த ஆறு கொலையாளிகளும் அடியை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். இறுதியில் அவ்வியாபாரியின் சூழ்ச்சியால் பயிரை அழிக்கக் காளைகள் ஏவப்பட, அவற்றைத் தடுக்கப் போராடி ஆதிநாத் உயிர் துறக்கிறார். 1957-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவர் பதக்கமும், 1958-இல் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடிப் பரிசும் இதற்குக் கிடைத்தன. இதே கதைதான் 1975-இல் எம்.ஜி.ஆர். நடிக்க, கே. சங்கர் இயக்கத்தில் 'பல்லாண்டு வாழ்க' என்று தமிழில் வந்தது.

இரு படங்களிலும் அடிபட்டவன் திருப்பி அடிக்காத காட்சி இருப்பதைக் கவனிக்க வேண்டும். மேடையில் நின்ற அலெக்ஸ் திருப்பி அடிக்கவில்லை, அவனால் முடியாது. சந்தையில் நின்ற அறுவரும் திருப்பி அடிக்கவில்லை, அவர்களால் முடியும். கண்ணுக்குத் தெரியும் செயல் ஒன்றே. அமைச்சரின் கணக்கில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். ஆயினும் சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வெற்றி பெற்றுத் திரும்புகிறார்கள், மேடையிலிருந்து இறங்கியவன் ஒன்றையும் பெறவில்லை. அடங்கியவனுக்கும் திருந்தியவனுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஓரிடத்தில் முழுமையாக அடங்கிக் கிடக்கிறது.

சாந்தாராமின் படத்தையும் கண்மூடிப் புகழ்வதற்கில்லை. கண்ணீரை வரவழைப்பதில் அவர் அளவறிந்தவர் அல்லர். பொம்மை விற்கும் பெண்ணாகச் சந்தியா வரும் ஆடல் பாடல்கள், கதையின் கடுமையைத் தாங்க மாட்டாத பார்வையாளருக்கென்று சேர்த்தவைபோல் இருக்கின்றன. பரத் வியாஸ் எழுதி வசந்த் தேசாய் இசையமைத்த இறைவேண்டல் பாடலோ படத்தைக் கடந்து வடநாட்டுப் பள்ளிகளின் காலை வழிபாட்டிலே இடம்பெற்றுவிட்டது. அதன் தகுதியை மறுக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய ஐயம் தலைப்பிலேயே இருக்கிறது. ஆதிநாத்தின் இரு கண்களே அந்தப் பன்னிரு கைகளைக் கட்டிவைக்கின்றன. தவறு செய்யப் போகும் வேளையில் அக்கண்கள் நினைவில் வந்து நிற்கின்றன, கை தளர்கிறது. இதுவும் ஒருவகைப் பழக்குதல்தானே, அலெக்ஸுக்குக் குமட்டல் செய்த வேலையை இவர்களுக்குக் கண்கள் செய்கின்றன, அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒருவருடைய பார்வைக்கு அஞ்சி நல்லவனாக இருப்பவன், அந்தப் பார்வை அகன்றதும் என்ன ஆவான்?

இதற்குப் படமே விடை வைத்திருக்கிறது. ஆதிநாத்தின் மரணம் கண்ணீருக்காக மட்டும் சேர்த்த முடிவன்று. அந்தக் கண்கள் மூடிய பிறகு கைகள் என்ன செய்கின்றன என்பதே சோதனையின் கடைசிக் கட்டம். காவலர் மறைந்த பின்னும் அந்த அறுவரும் அவர் காட்டிய வழியிலேயே நிற்கிறார்கள். வெளியே இருந்த கண் உள்ளே போய்விட்டது. பிள்ளை வளர்ப்பவர்கள் யாவரும் இதை அறிவார்கள். தந்தையின் முகத்துக்கு அஞ்சித் தவற்றை விடுகிற சிறுவன், ஒரு பருவத்தில், தந்தை ஊரில் இல்லாத நாளிலும் அதை விட்டுவிடுகிறான். அச்சமாகத் தொடங்கியது நாணமாகி, நாணம் விருப்பமாகிவிட்டது. அவ்வாறு மாறுவதற்கு, அஞ்சப்படுபவர் அன்புக்கும் உரியவராக இருந்தாக வேண்டும். ஆதிநாத் அவர்களோடு கல்லைப் பெயர்த்தார். லுடோவிகோ மருத்துவர்களோ அலெக்ஸ் துடிப்பதைப் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். குமட்டல் ஒருநாளும் நாணமாக மாறாது.

கண்களைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியைக் குறிப்பிடலாம். இமைகளைக் கவ்விகளால் விரித்த காட்சியில் அலெக்ஸாக நடித்த மால்கம் மெக்டவலின் விழியில் உண்மையாகவே கீறல் விழுந்தது. காளையோடு போராடும் காட்சியில் சாந்தாராமின் கண்ணும் உண்மையாகவே காயப்பட்டது. ஒரு படத்தில் காயப்பட்டது கைதியின் கண். மற்றதில் காவலரின் கண். திருத்தும் வேலையில் யார் விலை கொடுக்கிறார் என்ற கேள்விக்கு இந்த இரு தற்செயல்களும் விடைபோல அமைந்துவிட்டன.

இரு படங்களும் சேர்ந்தே தவறவிட்ட ஒன்றும் உண்டு. கொல்லப்பட்டவன் வீட்டார் எங்கே? சாந்தாராமின் கதை நடுவே அவர்களின் குரல் இல்லை. குப்ரிக்கின் படத்தில் பாதிக்கப்பட்டவர்கள் வருகிறார்கள். பழிவாங்க மட்டும் வருகிறார்கள். மூலநூலை எழுதிய பர்ஜஸின் மனைவியே 1944-இல், லண்டன் இருட்டடிப்புக் காலத்தில், படைவீரர்கள் சிலரால் தாக்கப்பட்டவர் என்பதை நினைத்தால், இந்த விடுபாடு இன்னும் வியப்பளிக்கிறது. தவ்பாவின் நிபந்தனைகளை மதரசாவில் ஓதிய சிறு பிள்ளையும் சொல்லும்: செய்ததை விட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும், அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டதாயின் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும், அல்லது அவர்களிடம் மன்னிப்புப் பெறவும் வேண்டும். கொலைக் குற்றத்தில் கொல்லப்பட்டவனின் உறவினருக்குத் தனியே ஓர் உரிமையும், மன்னிக்கும் அதிகாரமும் உண்டென்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அரசும் குற்றவாளியும் மட்டுமே தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் விவகாரமாகத் திருத்தத்தைக் காட்டும் எந்தப் படமும், அது எவ்வளவு கருணையுள்ளதாயினும், பாதி வழியிலேயே நிற்கிறது. ஆறு பேரின் நல்வாழ்வுக்கு நாம் கண்ணீர் சொரியும்போது, அவர்கள் கையால் விதவையானவளின் அடுப்பு எரிகிறதா என்று கேட்பதற்கும் ஒரு காட்சி வேண்டாமா?

இக்குறை இருந்தும், காலம் எதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊசியும் குமட்டலும் கொண்டு குணம் மாற்றும் முறைகள் நீதிமன்றத்திலேயே தோற்றன. 1974-இல் அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்று அவற்றைப் பற்றிக் கடுமையான அறிக்கையும் வெளியிட்டது. திறந்தவெளிச் சிறையோ நம் நாட்டில் வேர்பிடித்தது. உத்தரப் பிரதேசத்தில் 1952-இல் அணை கட்டும் பணிக்குக் கைதிகளை முகாம் அமைத்துத் தங்கவைத்த சம்பூர்ணானந்தின் முயற்சி அதன் தொடக்கங்களுள் ஒன்று. 1963-இல் ராஜஸ்தானின் சாங்கானேரில் அவர் பெயரால் அமைந்த முகாமில், கைதிகள் குடும்பத்தோடு தங்கி, பகலில் வெளியே சென்று உழைத்து, மாலையில் தாமே திரும்பும் ஏற்பாடு உருவாயிற்று. கதவு திறந்திருந்தும் மாலையில் திரும்பி வருகிறவனின் ஒவ்வொரு அடியும் அவன் தேர்ந்தெடுத்த அடி. அலெக்ஸுக்குப் பாதிரியார் கேட்ட உரிமை அதுவே.

ஆகவே இவ்வகைப் படம் எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்வது நலம். திருத்தப்படுபவனுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வழி இருந்ததா? கண்காணிப்பவர் போன பிறகும் மாற்றம் நின்றதா? அநீதிக்கு ஆளானவரின் கடன் தீர்க்கப்பட்டதா? குப்ரிக் முதற் கேள்வியை இவ்வுலகம் மறக்க முடியாதபடி கேட்டார். அவரிடம் மற்ற இரண்டுக்கும் இடமில்லை. சாந்தாராம் இரண்டாம் கேள்விக்குத் தம் கதாநாயகனின் உயிரையே விலையாகக் கொடுத்து விடை சொன்னார். மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லும் படத்தை எடுக்கப் போகும் கலைஞர் எந்த நாட்டவராயினும் ஆகுக. அவர் கொலையாளியின் முகத்தைக் காட்டிய அளவுக்கு, கொலையுண்டவன் வீட்டு வாசலையும் காட்டக் கடமைப்பட்டவர்.